ஆளுக்குப் பதில் பெட்டி

தொழிலாளர் முகாம், அறை 14
09.04.2020

றமீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை என்பதால் இதற்காவது நீ வாய் திறக்க வேண்டி வரும்.

மூன்று கிழமையாக நீ போனை எடுக்கவில்லை. மாமிதான் எடுக்கிறார். "இனி முகத்துக்கு முகம் பாத்துத்தான் பேசுவாளாம் மகன், போன்ல பேச மாட்டாளாம்" என்கிறார். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிள்ளை உண்டாகியிருப்பவளோடு சண்டை பிடிக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் கடிதம்.

தபாலே ஓடாத நேரத்தில் இது எப்படி வந்தது என்று யோசிப்பாய். இங்கே நாங்கள் விமானத்தில் ஏற்றும் ஒவ்வொரு சரக்குக்கும் காகிதம் உண்டு. எல்லாக் காகிதங்களையும் ஒரு பையில் போட்டு அந்த விமானத்தோடேயே அனுப்புவோம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அந்தப் பையைத் திறப்பவன் நம் நபீல், என்னோடு ஸ்கூலில் படித்தவன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து அங்கே வெற்றிலையும் பச்சை மிளகாயும் கொண்டுபோகும், உங்கள் பக்கத்து வீட்டு அஸ்ஃபரின் லொறிக்கு ஊரடங்கு பாஸ் இருக்கிறது. நீ பதில் எழுதினால் அதே வழியில் எனக்கு வந்து சேரும்.

சுமன் விஷயத்தை இன்னொரு தடவை சொல்கிறேன், கோபிக்காதே. எங்கள் சரக்குக் கூடத்தில் கிழமைக்கு ஒருவனைத்தான் ஊருக்கு விடுவார்கள். மார்ச் பன்னிரண்டு என் முறை. கூட வேலை செய்யும் சுமனின் அப்பா நாவலப்பிட்டியில் இறந்து, உடலை வைத்துக்கொண்டு இவனுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு கிழமைதானே என்று என் முறையை அவனுக்குக் கொடுத்தேன். அந்தக் கிழமைக்குள் நம் நாட்டு விமான நிலையத்தையே மூடுவார்கள் என்று எனக்கு யார் சொன்னது?

பிள்ளை உதைக்கிறதா என்று மாமியிடம் கேட்டேன். "அத நீ வந்து கேளு" என்று நீ உள்ளேயிருந்து சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. அந்தக் குரல் கேட்டதே போதும் என்று அன்றைக்குத் தூங்கினேன்.

ஹில்மி

---

கட்டுகஸ்தோட்டை
16.04.2020

வஅலைக்கும் ஸலாம். கடமை முடிந்தது.

மற்றதெல்லாம் கடமை இல்லை, கோபம். வருஷம் முழுவதும் பிள்ளைகளின் கொப்பி திருத்துகிறவள் நான். உங்கள் கடிதத்தில் "ஒரு கிழமைதானே" என்ற இடத்தில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

நீங்கள் நல்லவர். அதை எனக்கு ஊரே சொல்கிறது. ஆனால் நீங்கள் கொடுப்பதெல்லாம் என்னுடையது. கல்யாணத்துக்கு வந்த மின்விசிறி உங்கள் கூட்டாளியின் கடைக்குப் போனது. பெருநாளைக்கு என்னோடு இருக்க வேண்டிய லீவு, மகளுக்குக் கல்யாணம் என்று சொன்ன ஒரு மனிதருக்குப் போனது. இப்போது மார்ச் பன்னிரண்டு. அந்த முறை உங்களுடையதா, என்னுடையதா, வயிற்றில் இருப்பதுடையதா? மூன்று பேரில் இரண்டு பேரை நீங்கள் கேட்கவில்லை.

சுமனின் அப்பாவுக்காக நானும் வருத்தப்பட்டேன். அது வேறு.

வீட்டுக்கு வெளியே போகவே முடியவில்லை. கிளினிக்குக்குப் போவதற்குப் பொலிஸில் பாஸ் எடுத்து, அதைக் காட்டிக் காட்டி த்ரீவீலில் போய் வருகிறேன். ஜன்னலால் பார்த்தால் ரோட்டில் நாய்கள் மட்டும் சுதந்திரமாகத் திரிகின்றன. எனக்கு மூச்சு முட்டுகிறது.

ஒன்றை மட்டும் விளக்குங்கள். வெற்றிலை அங்கே போகிறது. பெட்டி இங்கே வருகிறது. விமானம் ஓடுகிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியானால் அதில் நீங்கள் ஏன் ஏற முடியாது?

றமீலா

---

தொழிலாளர் முகாம்
30.04.2020, நோன்பு ஆறு

றமீலா,

ஸலாம். கேட்டதற்குப் பதில் நீளமானது. பொறுமையாக வாசி.

பயணிகள் விமானம் ஆட்களுக்கு மட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நீ மேலே கதிரையில் இருந்து பிஸ்கட் சாப்பிடும்போது உன் காலுக்குக் கீழே மீன், பூ, மருந்து, துளை போட்ட பெட்டியில் கோழிக்குஞ்சு, சில நாள் இறந்துபோன ஒருவரின் மையத்துகூட வந்துகொண்டிருக்கும். முதலில் பயணிகளின் பெட்டிகள், மிஞ்சிய இடத்தில்தான் சரக்கு. பயணிகளின் பெட்டி கூடிவிட்டால் சரக்கை இறக்கி வைத்துவிட்டு விமானம் போய்விடும். சரக்கு விமானம் வேறு. அதற்கு ஜன்னல் இல்லை, பக்கத்தில் வீட்டுச் சுவரளவு கதவு. உள்ளே தரையெல்லாம் உருளைகள். பெரிய தட்டுகளில் கட்டி அப்படியே தள்ளுவோம். குதிரையும் போகும், கப்பல் என்ஜினும் போகும். ஆனால் அந்த விமானங்கள் கொஞ்சம்தான். ஆகாயத்தில் போகும் சரக்கில் பாதிக்குக் கிட்ட பயணிகளின் காலுக்குக் கீழேதான் போய்க்கொண்டிருந்தது. பயணிகளை நிறுத்தியதும் அந்த இடமும் நின்றுவிட்டது.

இப்போது எங்கள் கூடத்தில் மருந்தும் முகக்கவசமும் கூரை வரை கிடக்கின்றன. அதனால் வெறுமையாய் நிற்கும் பயணிகள் விமானங்களை எடுத்து, கதிரைகளில் பெட்டிகளை வைத்து, வலை போட்டுக் கட்டி அனுப்புகிறோம். அதற்குள் யந்திரம் போகாது. ஏணிப்படியில் வரிசையாக நின்று கையால் மாற்றுகிறோம், நோன்போடு. ஒரு கதிரையில் ஓர் ஆளின் எடைக்கு மேல் வைக்கக் கூடாது என்று சட்டம். நேற்று கொழும்புக்குப் போகும் விமானத்தில் ஜன்னலோரக் கதிரை ஒன்றில் நானே பெட்டியை வைத்துக் கட்டினேன். பெட்டிக்கு அனுமதி இருக்கிறது. எனக்கு இல்லை. கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் நின்றேன். மேற்பார்வையாளர் கத்தினார்.

ஒரு செய்தி. கீழ் அறையில் புகையை அறியும் கருவி இருக்கிறது. மேலே பெட்டிகளுக்கு நடுவே தீப்பிடித்தால் பார்க்க ஆள் வேண்டும். தீயணைப்பானோடு நடந்துகொண்டே போகிறவர். எங்கள் கூடத்தில் அதற்கு இராமையா அண்ணனைப் பழக்கியிருக்கிறார்கள். மஹய்யாவக்காரர், வீடு உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம். நான்கு வருஷமாக ஊர் போகவில்லை. அவர் இரண்டு தடவை போய்வந்துவிட்டார், வேறு நாடுகளுக்கு. எங்கேயும் கீழே இறங்க விடமாட்டார்களாம். "வானத்துல போயி வானத்துலயே வந்த மாதிரி இருக்கு தம்பி" என்றார்.

ஹில்மி

---

கட்டுகஸ்தோட்டை
06.05.2020

உங்கள் பாடம் விளங்கியது. நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள், ஸ்கூலுக்கு வந்திருக்கலாம்.

பிரஷர் கூடியிருக்கிறது. கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. இருபதாம் திகதி ஒப்பரேஷன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன்னமும் நடக்கலாமாம். கூட ஒருவர்தான் வரலாம், அதுவும் வார்டுக்குள் இல்லை, கேட் வரைக்கும்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் போனில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அதனால்தான் போனில் பேசுவதில்லை. கோபம் பாதி, இது பாதி. இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது என் கேள்வி. தீ பார்க்கிற ஆள் கொழும்பு விமானத்திலும் வருவாரா? வருவார் என்றால் அந்த வேலையை நீங்கள் ஏன் பழகவில்லை? இறங்க விடமாட்டார்கள் என்கிறீர்கள். வந்து நிற்கிற நாடு உங்களுடையது. சொந்த நாட்டு மண்ணில் கால் வைத்தவனைத் தூக்கி ஆகாயத்தில் எறிவார்களா?

இராமையா அண்ணனைக் கேளுங்கள். மற்றவர்களுக்கு எத்தனையோ கொடுத்திருக்கிறீர்கள். எனக்காக ஒன்று கேட்டு வாங்குங்கள்.

றமீலா

---

கட்டுநாயக்கா, விமானத்துக்குள்
14.05.2020, காலை பத்தரை

றமீலா,

எங்கிருந்து எழுதுகிறேன் என்பதை இரண்டு தடவை வாசிப்பாய். நான் இலங்கையில்தான் இருக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே இராமையா அண்ணனிடம் கேட்டேன். மூன்று நாளில் அவரே எனக்குப் பழக்கித் தந்து, கொழும்புப் பறப்பை எனக்கு விட்டுக் கொடுத்தார். ஆனால் ஒரு விதி இருக்கிறது. பறக்கிறவன் திரும்பி வருவான் என்று கூடத்தில் வேறொருவன் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால், ஊருக்குப் போகிறவர்களின் பட்டியலில் பிணை நின்றவனின் பெயர் கடைசிக்குப் போய்விடும். ஜூனில் ஆட்களை ஏற்றிப் போக விமானம் விடப் போகிறார்களாம். அந்தப் பட்டியலில் இராமையா அண்ணன் மூன்றாவது. அவர்தான் எனக்குக் கையெழுத்துப் போட்டார். யாரும் கேட்காத நேரம் பார்த்து, "எறங்கணும்னு தோணுச்சுன்னா எறங்கிப் போயிருங்க தம்பி. என்னைப் பாக்காதீங்க" என்றார்.

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இறங்கியிருப்பேன்.

பெட்டிகளை இறக்குகிறார்கள். கதவு திறந்திருக்கிறது. மழை பெய்து விட்டிருக்கிறது, புல் வாசம் உள்ளே வருகிறது. கம்பனி வாங்கி வைத்திருக்கும் என் பாஸ்போட், போன வருஷ லீவுக்குப் பிறகு முதல் தடவையாக என் சட்டைப்பையில் இருக்கிறது. காகிதப் பையோடு படியின் மேல் தட்டுக்குப் போனேன். கீழே நபீல், முகமெல்லாம் மூடிக்கொண்டு. "எறங்குடா மச்சான். உன்ன ஒத்தரும் திருப்பி ஏத்த ஏலாது. பதினாலு நாள் அடச்சு வெச்சிட்டு விட்டுருவாங்க. றமீலா அங்க தனிய ஈக்கிறா" என்றான். பதினெட்டுப் படி. எண்ணிப் பார்த்தேன். ஒரு படிகூட இறங்கவில்லை.

உள்ளே வந்து, பெட்டி எடுத்த கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன். காகிதம் மடியில் இருக்கிறது, எழுத்துக் கோணலாக இருந்தால் திருத்தாதே. இன்னும் ஒன்றரை மணித்தியாலத்தில் விமானம் திரும்பும். இங்கிருந்து உன்னிடம் வர மூன்று மணித்தியாலம். நான் கோழையா நல்லவனா என்று எனக்கே தெரியவில்லை.

ஹில்மி

---

கட்டுகஸ்தோட்டை
19.05.2020

பிள்ளையின் வாப்பாவுக்கு,

பதினான்காம் திகதி காலை எனக்குக் கண் இருட்டியது. வாப்பாவும் அஸ்ஃபரும் லொறியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கணவரின் கையெழுத்து என்று ஒரு காகிதம் நீட்டினார்கள். ஆள் நாட்டில் இல்லை என்று நானே போட்டேன். பொய் சொல்லியிருக்கிறேன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பதினொன்று நாற்பதுக்குப் பெண் பிள்ளை பிறந்தாள். இரண்டு கிலோ நூறு கிராம். அந்த நேரம் நீங்கள் பதினெட்டுப் படியை எண்ணி முடித்துக் கதிரையில் இருந்திருப்பீர்கள்.

நான்கு நாள் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஆண்களை உள்ளே விடவில்லை. பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல ஆண் யாருமில்லை. மூன்றாம் நாள் நர்ஸிடம் கெஞ்சி உள்ளே போய், நானே அவள் காதோடு மெதுவாகச் சொன்னேன். சரியா தப்பா என்று யாரிடமும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் கடிதத்தைத் தந்தார்கள். வாசித்துவிட்டு அழவில்லை. எழும்பிப் போய்ப் பிள்ளையின் துணிகளைத் தோய்த்தேன். தையல் போட்ட வயிற்றோடு என்ன வேலை என்று உம்மா ஏசினார்.

நீங்கள் கோழை இல்லை. இராமையா அண்ணன் கடைசிக்குப் போவார் என்று இறங்கவில்லை. இந்தப் பக்கம் நானும் ஒரு பட்டியலில் இருக்கிறேன். எட்டு வருஷமாக என் பெயர்தான் கடைசி.

மறுபடியும் கொழும்புப் பறப்பு வரும். உங்களை ஏற்றுவார்கள், ஏனென்றால் நீங்கள் திரும்பி வருகிறவர். இந்தத் தடவை இறங்குங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். எல்லோருக்கும் நல்லவராக இருந்துவிட்டீர்கள். எனக்காக ஒரே ஒரு தடவை கெட்டவராக இருங்கள்.

றமீலா

---

பல்லேகலப் பக்கம், தனிமைப்படுத்தல் நிலையம்
02.06.2020

றமீலா,

இருபத்தெட்டாம் திகதி இறங்கிவிட்டேன்.

காகிதப் பையைக் கொடுக்கிற சாட்டில் படியிறங்கினேன். நபீலின் கையில் பையைக் கொடுத்தேன். பிறகு திரும்பி ஏறவில்லை, அவ்வளவுதான். யாரும் பிடிக்கவில்லை, யாரும் ஓடி வரவில்லை. சுகாதார ஆட்கள் ஓரமாக ஒரு கதிரை போட்டு இருக்கச் சொன்னார்கள். திரும்பும் விமானத்தில் கதிரைகளெல்லாம் வெறுமை, தீ பார்க்க ஆள் தேவையில்லை. அதனால் அது எனக்காக ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் போய்விட்டது.

இந்த முறையும் பிணை இராமையா அண்ணன்தான். வேறு ஆளைத் தேடினேன் என்று சத்தியம் செய்வேன். ஒருவனும் போடவில்லை. அவர் என்னைக் கேட்காமலே போட்டார்.

இங்கே எட்டுப் பேர் ஓர் அறையில். ஜன்னலால் பார்த்தால் ஸ்டேடியத்தின் விளக்குக் கம்பங்கள் தெரிகின்றன. உன் வீடு எந்தத் திசை என்று பக்கத்துக் கட்டில் ஆளிடம் கேட்டு வைத்திருக்கிறேன். போன் கையில் இருக்கிறது. நீ எடுப்பாய் என்றும் தெரியும். ஆனால் இதைக் குரலால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இராமையா அண்ணனின் பெயரை வெட்டிக் கடைசியில் போட்டுவிட்டார்களாம். ஜூன் விமானத்தில் அவர் இல்லை. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. நபீலிடம் போனில் அவர் கேட்டது ஒன்றுதானாம்: "தம்பி புள்ளைய பாத்துட்டாரா?"

நீ சொன்னபடி கெட்டவனாகிவிட்டேன். உனக்குச் சந்தோஷமா என்று எழுது. இல்லை, அதை எழுதாதே. பிள்ளையின் மூக்கு யாருடையது என்று எழுது.

ஹில்மி

---

கட்டுகஸ்தோட்டை
08.06.2020

பிள்ளையின் வாப்பாவுக்கு,

மூக்கு உங்களுடையது. பிடிவாதம் என்னுடையது. நீங்கள் இறங்கிவிட்டீர்கள் என்று வாசித்த அன்றைக்கு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம். அதை மறைக்க மாட்டேன்.

நேற்று மஹய்யாவவுக்குப் போனேன். நாற்பது நாள் முடியாமல் பிள்ளைப்பெற்ற உடம்போடு வாசல் தாண்டுகிறாளே என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டார். பிள்ளையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு த்ரீவீலில் போய், இராமையா அண்ணனின் வீட்டைக் கேட்டுப் பிடித்தேன். அவருடைய மனைவி பெயர் வேலாயி. நகரசபையில் துப்புரவு வேலை. ஊரடங்கு நாளெல்லாம் அவர்தான் வெறும் ரோட்டைக் கூட்டியிருக்கிறார்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பாதி வழியிலேயே வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். நான் யாரென்று சொன்னதும் அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். "எங்கூட்டுக்காரருதாங்க கையெழுத்துப் போட்டு ஒங்கூட்டுக்காரர அனுப்பி வச்சாரு. போன்ல சொன்னாரு. புள்ள பொறந்திருக்கு, தம்பி போய்ச் சேந்துட்டாருன்னு அவ்வளவு சந்தோசம்" என்றார்.

பெயர் வெட்டுப்பட்டதை மட்டும் இராமையா அண்ணன் சொல்லவில்லை. தன் பெஞ்சாதிக்கே சொல்லவில்லை.

சுவருக்குப் புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். வாசம் இன்னும் போகவில்லை. "இந்த மாசம் அவரும் வந்துருவாரு. லிஸ்டுல மூணாவது பேரு" என்று மூன்று விரலைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்கூட்டுக்காரரு ஏதாச்சும் சொன்னாருங்களா, எந்தத் தேதின்னு?" என்று கேட்டார்.

பிள்ளை அழுகிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது அழவே இல்லை. வகுப்பில் பொய் சொல்கிற பிள்ளையை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிற நான், அந்த வாசலில் அந்தப் பிள்ளையைப் போல நின்றேன். மற்றவர்களின் பங்கை எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்று உங்களை ஏசினேனே, இந்தத் தடவை எடுத்தவள் நான்.

பதினோராம் திகதி உங்களை விடுகிறார்களாம். கேட்டைத் திறந்ததும் நேரே இங்கே வராதீர்கள். முதலில் மஹய்யாவவில் இறங்குங்கள். வேலாயி அக்காவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். இறங்கச் சொன்னவள் உங்கள் பெஞ்சாதி என்பதையும் விடாமல் சொல்லுங்கள். அவர் ஏசினால் கேட்டுக்கொண்டு இருங்கள். அழுதால் எழும்பி வந்துவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். நானும் பிள்ளையும் இன்னும் ஒரு மணித்தியாலம் காத்திருப்போம். அந்த அக்கா எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

றமீலா